பிரேக்கை வீட்டிலேயே பிரிக்கலாம், பாட்டிலை மட்டும் பார்த்து வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கியர் சைக்கிள் பராமரிப்பு பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். செயினுக்கு எண்ணெய் விடுவது, டயருக்குக் காற்று எவ்வளவு என்பதெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்று வந்ததும் கட்டுரையாளர் மூன்றே வரியில் முடித்துவிட்டார். வீட்டில் கை வைக்காதீர்கள், பிடிப்பு குறைந்தால் பக்கத்து டூவீலர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பிரேக் ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். இதில் முதல் பாதி தேவையில்லாத பயம், இரண்டாம் பாதி உண்மையிலேயே ஆபத்து. அதற்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோத்தகிரிக்காரன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், இங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் 1,400 மீட்டருக்கு மேல் சரிவு. பள்ளியில் இயற்பியல் எடுப்பவன் என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த 1,400 மீட்டர் இறங்குவதற்குள் வெளியேறியாக வேண்டிய ஆற்றல் 12 லட்சம் ஜூலுக்கு மேல். ஏறக்குறைய நாலு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் புதிதாக இருக்கும்போதே சுமார் 1.8 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இரண்டு எஃகுத் தட்டுகளின், அதாவது டிஸ்க்குகளின் தலையில்தான் விழும். அங்கிருந்து டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடுக்கு, பேடிலிருந்து அதைத் தள்ளும் பிஸ்டனுக்கு, பிஸ்டனுக்குப் பின்னால் நிற்கும் ஆயிலுக்கு என்று சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் அந்த ஆயில் என்ன ஆயில் என்பது சின்ன விஷயம் இல்லை.

சைக்கிள் ஹைட்ராலிக் பிரேக்குக்குள் இரண்டு வகை ஆயில்தான் உண்டு. ஒன்று மினரல் ஆயில்: ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா கம்பெனி பிரேக்கெல்லாம் இதுதான். இன்னொன்று கார், பைக்கில் ஊற்றும் டாட் (DOT) வகை: ஹோப், ஹேய்ஸ் இதைப் பயன்படுத்துகிறார்கள், ஸ்ராமும் நெடுங்காலம் இதையே வைத்திருந்துவிட்டு இப்போது சில புது மாடல்களில் மினரலுக்கு வந்திருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் மவுண்டன் பைக்குகளில் நான் பார்த்த வரை பெரும்பாலும் ஷிமானோ அல்லது டெக்ட்ரோ, அதாவது மினரல். ஆனால் டூவீலர் பட்டறையில் அலமாரியில் நிற்பது டாட் 3 அல்லது டாட் 4. உங்கள் கட்டுரையை நம்பிப் போகிறவரின் சைக்கிளில் ஊற்றப்போவது அதைத்தான்.

ஊற்றினால் என்ன ஆகும்? பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் எந்த ஆயிலோடு வாழ வேண்டும் என்று பார்த்துத்தான் செய்யப்படுகின்றன. மினரலுக்கான சீல் டாட் ஆயிலில் ஊறினால் உப்பிப் போகும், மாற்றிச் செய்தாலும் அதே கதிதான். உப்பிய சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்திய லிவர் திரும்பி வராது, பேட் டிஸ்க்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் ஒருநாள் கசிய ஆரம்பிக்கும். என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய சைக்கிளுக்கு ஒரு பட்டறையில் இதையேதான் செய்தார்கள். ஊற்றிய அன்றைக்குப் பிரேக் அருமையாகப் பிடித்தது, அதுதான் இதில் உள்ள விஷமம், கடைக்காரரும் நல்ல வேலை செய்த திருப்தியோடு பணம் வாங்கிக்கொண்டார். சில வாரத்தில் பின் சக்கரம் தள்ளினாலும் சுற்றவில்லை. அந்த ஆயிலை வடித்துவிட்டு மினரலை ஊற்றினால் சரியாகிவிடுமா என்றால் ஆகாது, உப்பிய ரப்பர் உப்பியதுதான். ஷிமானோ இந்தச் சீல்களைத் தனியாக விற்பதும் இல்லை. லிவர், காலிப்பர் (சக்கரத்துப் பக்கம் பிஸ்டனும் பேடும் இருக்கும் பாகம்) இரண்டையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரத்துக்குப் போனது.

எந்த ஆயில் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் வேண்டாம். கைப்பிடியில் இருக்கும் லிவரின் மூடியிலோ பக்கத்திலோ பொறித்தே இருப்பார்கள், மினரல் ஆயில் மட்டும் என்றோ, டாட் என்று எண்ணோடோ. அழுக்கு ஏறியிருந்தால் துடைத்துப் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஷிமானோ ஆயில் சிவப்பு, மகுராவுடையது நீலம், டாட் வெளிர் மஞ்சள் என்பதெல்லாம் புது பாட்டிலுக்குச் சரி, ஓடி அடித்த ஆயில் எல்லாமே ஒரே கறுப்பு. இன்னொன்று, தையல் மெஷின் எண்ணெயும் மினரல்தானே, குழந்தைக்குத் தடவும் எண்ணெயும் மினரல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது தப்பில்லை, ஊற்றுவதுதான் தப்பு. பிரேக் கம்பெனி சொன்ன மினரல் ஆயில் சின்ன பாட்டிலே ஒரு சைக்கிளுக்குத் தாராளம், அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது.

டாட் ஆயில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 தான். டாட் 5.1 என்றால் 260, ஈரத்தோடு 180. டாட் 5 என்று வெறுமனே போட்டிருப்பது சிலிக்கோன், அதற்கும் 5.1க்கும் சம்பந்தமே கிடையாது. திறந்து வைத்த பாட்டிலைப் போன வருஷத்தில் இருந்து பரணில் போட்டு வைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். மினரல் ஈரத்தை உறிஞ்சாது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள், அதிலும் ஒரு சிக்கல் உண்டு: உள்ளே எப்படியோ நுழைந்த தண்ணீர் ஆயிலில் கலக்காமல் கீழே இறங்கி, இருப்பதிலேயே தாழ்வான இடமான காலிப்பரில் தேங்கும். சூடு அதிகம் ஏறுவதும் அங்கேதான். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும், ஆவியை அமுக்கினால் அமுங்கும், லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், நீங்கள் கொண்டை ஊசி வளைவில் இருப்பீர்கள். எனவே மினரலையும் மாற்றத்தான் வேண்டும். மலையில் ஓட்டுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிந்த பிறகு மாற்றினால் நல்லது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கூடுதல், ஆகவே நான் தை மாத வேலையாக வைத்திருக்கிறேன்.

சரி, வீட்டில் செய்யும் வேலைக்கு வருகிறேன். பிரிப்பதற்கு முன்னால் காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். லிவரை அழுத்தினால் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது, பாஸ்கல் விதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிவிடலாம். லிவரை விட்டதும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது யார்? காலிப்பருக்குள் அந்த வேலைக்கென்று ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் அந்தச் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் முறுகி, அழுத்தம் போனதும் தன் நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வருகிறது, ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான், ஆனால் டிஸ்க் உரசாமல் சுற்ற அது போதும். பேட் தேயத் தேய பிஸ்டன் அந்தச் சீலுக்குள் கொஞ்சம் வழுக்கி முன்னே வந்து புது இடத்தில் நிற்கும், அந்த இடைவெளியை லிவரில் இருக்கும் தொட்டி ஆயில் நிரப்பும். கேபிள் பிரேக் மாதிரி நட்டு திருகி இறுக்க வேண்டியதில்லை என்பது இதனால்தான். பேட் தேய்ந்தது லிவரில் தெரியாமல் போவதும் இதனால்தான், ஆகவே கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

இதிலிருந்து ஒன்று புரியும். பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அதன் பக்கவாட்டில் செம்மண்ணும் பேட் தூளும் படிந்திருக்கும். புது பேட் போடும்போது அப்படியே உள்ளே தள்ளினால் அவ்வளவு அழுக்கும் சீலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறது. கடையில் அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பித் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன், பீங்கான் பிஸ்டனாக இருந்தால் விளிம்பு தெறித்துவிடும். பொறுமையாகச் செய்தால் பத்து நிமிஷ வேலை. பேடை எடுத்துவிட்டு, லிவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டனை இன்னும் கொஞ்சம் வெளியே வரவிடுங்கள் (முழுக்க வந்துவிடாமல், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை), ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் சுற்றிலும் துடையுங்கள், மினரல் பிரேக் என்றால் அதே மினரல் ஆயில் ஒரு சொட்டு பக்கவாட்டில் தடவி உள்ளே தள்ளி வெளியே இழுத்து இரண்டு மூன்று முறை ஆட்டுங்கள், கடைசியில் பிளாஸ்டிக் டயர் லிவரால் நேராக உள்ளே அமுக்கி, மிஞ்சிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஒரு பக்கப் பிஸ்டன் மட்டும் சோம்பேறியாக நின்று டிஸ்க் ஒரு பக்கமாக உரசும் பிரச்சினை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். இதற்குப் போய் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களும் உண்டு.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எதையும் டிஸ்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள், எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். பட்டறையில் கையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டும் அப்படித்தான், அதில் ஏற்கெனவே பத்து வண்டி கிரீஸ் இருக்கும், அதால் டிஸ்க்கைத் துடைத்தால் துடைக்காமல் இருந்ததே மேல். வீட்டில் பிரேக் கத்துகிறது, பிடிக்கவில்லை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆயிலில் குறையே இருக்காது, செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது பறந்த தூறல் டிஸ்க்கில் விழுந்திருக்கும். டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். பேட் எண்ணெய் குடித்துவிட்டால் மேலாக உப்புத்தாள் தேய்த்துப் பார்க்கலாம், அடுப்பில் சுட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நாறும் அவ்வளவுதான். புதிது போடுங்கள்.

புதிது போடும்போது டிஸ்க்கைப் பாருங்கள். விலை குறைந்த ஷிமானோ டிஸ்க்கில் ரெசின் (பிசின் கலவை) பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லி உலோகப் பேடைப் போட்டால் டிஸ்க்தான் வேகமாகத் தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனும் அதிலேயே இருக்கும், ஷிமானோவுக்கு 1.5 மில்லிமீட்டர், வெர்னியர் வைத்து அளந்துவிடலாம். பேடில் உரசும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தால் கதை முடிந்தது. மழையில், சேற்றில் ரெசின் பேட் கரைகிற வேகத்தைப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும், தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் ஈரத்தில் ஓட்டுகிறவர்கள் வாரா வாரம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லோரும் பயப்படும் வேலை, ஏர் எடுப்பது. லிவர் அழுத்தும்போது கெட்டியாக நிற்காமல் பொதபொதவென்று போகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்தாலேகூடத் தொட்டியில் இருந்த காற்று, ஆயில் போகும் குழாயான ஹோஸுக்குள் ஏறிவிடும், பஞ்சர் ஒட்டியதும் பிரேக் போய்விட்டது என்பவர்கள் முதலில் நேராக நிறுத்தி லிவரை நிறைய தடவை அடித்துப் பாருங்கள்.

ஷிமானோ முறையைச் சொல்கிறேன், டாட் பிரேக்குகளுக்கும் டெக்ட்ரோவுக்கும் கொஞ்சம் வேறுபடும். சக்கரத்தைக் கழற்றுங்கள், பேடையும் கழற்றி அறைக்கு வெளியே வையுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்து அதன் மேலேயே ஆயிலைச் சிந்துவார்கள். பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் கட்டை ஒன்று வைக்க வேண்டும், பிளீட் பிளாக் என்பார்கள், கிட்டோடு வரும். கட்டை இல்லாமல் லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். கைப்பிடியில் லிவரை மட்டமாகத் திருப்பி, மேலே இருக்கும் குட்டி ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் புனலைத் திருகி கொஞ்சம் ஆயில் ஊற்றி வையுங்கள். கீழே காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை விடவும் எடுக்கவும் திறக்கும் முனை) ட்யூப் மாட்டிய சிரிஞ்சு, சிரிஞ்சிலும் ட்யூபிலும் துளிக் காற்று இருக்கக் கூடாது. நிப்பிளை எட்டில் ஒரு சுற்று திறந்தால் போதும், மாடலைப் பொறுத்து 7 மில்லிமீட்டர் ஸ்பேனரோ 3 மில்லிமீட்டர் ஆலன் கீயோ பிடிக்கும். சிரிஞ்சை நிதானமாகத் தள்ளுங்கள், ஆயில் கீழிருந்து மேலே ஏறி புனலில் குமிழியோடு வரும், பழைய கறுப்பும் கூடவே வரும். காற்றின் குணம் மேலே போவது, நாம் செய்வதெல்லாம் அதற்கு வழி விடுவதுதான், இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மாடலிலும் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே பிடிபடும். குமிழி நின்றதும் நிப்பிளை மூடுங்கள்.

இதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் ஏர் போகவில்லை என்று திரும்ப வருவார்கள். சிரிஞ்சை எடுத்துவிட்டு அதே நிப்பிளில் ட்யூபும் ஒரு சின்ன பையும் மாட்டித் திறந்து, புனலில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே, காலிப்பரையும் ஹோஸையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகள் விட்டுப் போகும். மூடுங்கள். அப்புறம் லிவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைக் கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடுவது, இரண்டு மூன்று முறை. கடைசியாக மேலே, லிவரை மெதுவாக அழுத்தி அழுத்தி விடும்போது புனலில் குட்டிக் குமிழிகள் வரும், லிவரைக் கொஞ்சம் மேலே சாய்த்து, கீழே சாய்த்து மறுபடியும் செய்தால் மூலையில் ஒளிந்திருப்பதும் வந்துவிடும். லிவர் கெட்டியானதும் புனலை அதன் அடைப்பானால் மூடிக் கழற்றி, ஆயில் விளிம்பு வரை ததும்பி நிற்கும்போதே ஸ்க்ரூவைப் போட்டுவிடுங்கள், கொஞ்சம் வழிந்தால் வழியட்டும். அந்த ஸ்க்ரூ ரொம்பப் பாவம், விரல் நுனி பலத்துக்கு மேல் போனால் மரை போய்விடும். காலிப்பர் முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்த பிறகே பேட். முதல் தடவை செய்பவருக்கு ஒரு மாலை முழுக்க ஆகலாம், ஆகட்டும்.

சக்கரத்தை மாட்டி, காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே திரும்ப இறுக்கினால் காலிப்பர் நடுவில் உட்கார்ந்துவிடும். புது பேட் என்றால் உடனே மலையிறங்கக் கிளம்பக் கூடாது. சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, நிறுத்திவிடாமல் நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும், இருபது தடவையாவது. பேட் பொருள் டிஸ்க்கில் மெல்லப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. ஹோஸ் நறுக்குவது, லிவரிலேயே கசிவது, விரிசல் விட்ட டிஸ்க், பேடைக் கழற்றும்போதே ஆயில் ஈரமாக இருக்கும் காலிப்பர், இதெல்லாம் தெரிந்த சைக்கிள் கடைக்குப் போக வேண்டியவை. தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும், என் சைக்கிளுக்கு எந்த ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள், லிவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர் தெரிந்தவர். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே டிஸ்க்கைத் தொட விடாதீர்கள், விரல் போகும், ஓட்டிவிட்டு வந்ததும் தொட்டால் தோல் போகும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் பிடித்து வைத்து, பழைய என்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், எங்கள் ஊரில் சாக்கடை என்பது கொஞ்ச தூரத்தில் ஓடையாகிவிடும்.

சைக்கிள் விற்கும் கடைகளுக்கும் உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு கோரிக்கை. நாற்பதாயிரம், ஐம்பதாயிரத்துக்கு ஒரு சைக்கிளை விற்கிறீர்கள், பில்லில் பிரேக் ஆயில் மினரலா டாட்டா என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். முடிந்தால் லிவர் பக்கத்தில் தமிழில் ஒரு ஸ்டிக்கர். வாங்குகிற அப்பா அம்மாவில் பலருக்கு அந்தப் பொடி ஆங்கில எழுத்து கண்ணுக்கே தெரியாது, சைக்கிளைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அவர்கள்தான்.

உங்களிடம் கேட்பது ஒரு திருத்தம் மட்டும். டூவீலர் மெக்கானிக்கிடம் பிரேக் ஆயில் ஊற்றிக்கொள்ளலாம் என்ற அந்த வரியை நம்பி இந்த வாரமே யாராவது கிளம்பியிருக்கலாம், அதனால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் போடுங்கள். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தில் ஆயில் பற்றிய பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு, என் ஜூல் கணக்கையும் ஏர் எடுக்கும் புராணத்தையும் வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்